மட்கும் மரத்திலிருந்து வெள்ளைத் தாள்வரை

கொடைக்கானலிலிருந்து பூம்பாறைப் பக்கம் போகிற சாலையில், மழை ஓய்ந்த கையோடு ஏதாவதொரு சீகைக் காட்டுக்குள் இறங்கிப் பாருங்கள். வாட்டில் என்றும் சொல்கிற அந்த மரத்துக்கு வேர் ஆழம் போகாது. காற்றடித்தால் அடியோடு சாயும். சாய்ந்து மூன்று நான்கு வருஷமான ஒரு மரத்தின் பட்டையை விரலால் நெம்பினால் பாளம் பாளமாகக் கழன்று வரும். உள்ளே இருப்பது கோடரிக்கு முரண்டு பிடித்த பழைய மரம் அல்ல. வெளிறிப்போய், ஈரம் கோத்து, எடை இழந்து, இழுத்த இழுப்புக்கு நார் நாராகப் பிரிந்து வரும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே வெள்ளை நூல்கள் படர்ந்திருக்கும். கட்டையைப் புரட்டினால், தரையைத் தொட்டுக் கிடந்த பக்கத்தில் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி ஒரு பூச்சு ஒட்டியிருக்கும்.

நூலும் பூச்சும் ஒரே உயிர்தான்: பூஞ்சை. மரத்தை வெளுத்தது அதுவே. பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதிகளை வெளியே கசியவிட்டு, உணவைத் தன் உடம்புக்கு வெளியிலேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். அப்படிக் கசியும் நொதிகளில் ஒன்றிரண்டு இன்று காகித ஆலைகளில் வேலை பார்க்கின்றன. காட்டில் வருஷக்கணக்கில் நடக்கிற காரியத்தை ஆலையில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். காட்டுக் கட்டையிலிருந்து ஆலைத் தொட்டிக்கு அவை வந்து சேர்ந்த வழி சுற்றுவழி. பாதி உலகத்தைச் சுற்றித்தான் வந்தன.

முதலில் மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். செல்லுலோஸ் என்பது நார். அதற்கென்று நிறம் கிடையாது. காகிதம் என்பதே அதுதான். நாரை ஒட்டிச் சைலான் முதலான குட்டைச் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. இரண்டையும் இறுக்கிப் பிடித்து மரத்தை நிமிர்த்தி வைப்பது லிக்னின். மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலிருந்து முப்பது சதவீதம்வரை அது இருக்கும். பழைய செய்தித்தாள் மஞ்சளாவதும் மளிகைக்கடைக் காகிதப்பை பழுப்பாக இருப்பதும் இந்த லிக்னினால்தான்.

செல்லுலோஸில் ஒரே மாதிரிக் கண்ணிகள் வரிசையாக வரும். அதை வெட்டத் தெரிந்த உயிர்கள் பல. லிக்னினில் கண்ணிக்குக் கண்ணி பிணைப்பு மாறும், வளையும், குறுக்கே ஓடும். இந்தப் பிணைப்புக்கு இந்த நொதி என்று பொருத்தி வெட்ட முடியாது. வெள்ளை அழுகல் பூஞ்சைகள் என்று தாவரவியல் நூல்கள் சொல்லும் கூட்டம் இதற்கு வேறொரு வழி கண்டது. லிக்னினிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுவது. நிலைகுலைந்த லிக்னின் அப்புறம் தானாகவே உடையும். லாக்கேஸ் என்னும் நொதி இதற்குக் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையே பயன்படுத்துகிறது. பெராக்சிடேஸ் நொதிகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். அதையும் பூஞ்சையே தயாரித்துக்கொள்கிறது. நவீன ஆலைகள் டேங்கர் லாரியில் வரவழைக்கிற அதே பெராக்சைடை ஒரு பூஞ்சை நூல் மரத்துக்குள் உட்கார்ந்து துளித்துளியாகக் காய்ச்சுகிறது என்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் தீராத வியப்பு.

எல்லாப் பூஞ்சையும் இப்படிச் செய்வதில்லை. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் அதிகம் காணப்படுவது பழுப்பு அழுகல். மரம் செங்கல் நிறமாகி, கட்டம் கட்டமாக வெடித்து, கசக்கினால் பொடியாகும். அந்தப் பூஞ்சை நாரைத் தின்றுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே போட்டுவிடும். காகிதம் செய்கிறவருக்கு அதனால் நஷ்டம்தான்.

தொடக்கத்தில் பார்த்த சீகை கொடைக்கானல் மலையில் பிறந்த மரம் அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்து, அப்புறம் பழனி மலைக்கும் பரவியது. அரசு அதை வளைத்து வளைத்து நட்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று பட்டை. ஆவாரம் பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிட்டுவந்த நம் ஊர்த் தோல் ஷாப்புகளுக்குச் சீகைப் பட்டையின் துவர்ப்புச் சத்து வேகமான மாற்று. அதன் சாற்றை ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருந்தார்கள். இன்னொன்று மரக்கூழ். பவானிக் கரையில் சிறுமுகையில் எழுந்த தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை மரத்தைக் கூழாக்கி ரேயான் இழை எடுத்தது. பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை வந்தது. கரூருக்குப் பக்கத்தில், கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு, 1979இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் உருவாயிற்று. அதற்கும் சக்கையோடு மரம் தேவைப்பட்டது. சீகையும் தைலமரமும் பைனும் மலையுச்சிப் புல்வெளிகளில் ஏறின.

புல்வெளியை யாரும் காடு என்று நினைக்கவில்லை. தரிசு என்றார்கள். சோலைக்கும் சோலைக்கும் நடுவே மழையை உறிஞ்சி வைத்து ஓடைக்கு மெல்ல விடுவதே அந்தப் புல்தான் என்பது கணக்கில் வரவில்லை. பழனி மலையின் புல்வெளியைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளந்து 2018இல் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அது மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று காட்டியது. மரத்தோட்டங்களும் விவசாயமும்தான் அந்த இடத்தைப் பிடித்தவை. வெள்ளைத் தாளின் விலையை எழுதுகிற யாரும் இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது என்பது என் எண்ணம்.

வெட்டிய மரம் பெருமாள்மலை, டம்டம் பாறை என்று வளைவு வளைவாக இறங்கி, வத்தலக்குண்டைத் தாண்டிச் சமவெளிக்கு வரும். ஆலையில் பட்டை உரிந்து, சில்லுச் சில்லாக வெட்டுப்பட்டு, டைஜஸ்டர் என்னும் பெரிய கொப்பரைக்குள் போகும். காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த திரவத்தில் 160, 170 டிகிரி வெப்பத்தில் அவியும். லிக்னினில் பெரும்பங்கு கரைந்து கறுப்புத் திரவமாக வெளியேறும். அதைச் சுண்டவைத்து எரித்து ஆலை தனக்கு வேண்டிய நீராவியை எடுத்துக்கொள்கிறது. உலர்ந்த மரம் சுமார் இரண்டு டன் போட்டால் ஒரு டன் கூழ் தேறும். அந்தக் கூழ் வெள்ளையாக இருக்காது. கடைசிச் சில சதவீத லிக்னின் நாரைவிட்டுப் போவதில்லை. இன்னும் அவித்தால் நாரும் சேர்ந்து கெடும். அந்த மிச்சத்தை எடுப்பதற்குத்தான் வெளுப்பு.

ஸ்வீடனைச் சேர்ந்த ஷீலே 1774இல் குளோரினைத் தயாரித்தார். பிரான்சில் பெர்தோலே 1785 வாக்கில் அதைக் கொண்டு துணி வெளுக்கலாம் என்று காட்டினார். அது துணியிலிருந்து காகிதத்துக்கு வந்து, அப்புறம் ஏறக்குறைய இருநூறு வருஷம் குளோரின்தான் வெளுப்பு. மலிவு, வேகம், பளீரென்ற வெள்ளை. குளோரின் லிக்னினோடு சேர்ந்து எதையெல்லாம் உண்டாக்குகிறது என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. 1980களின் நடுவில் அமெரிக்காவில் காகித ஆலைகளுக்குக் கீழே ஓடிய ஆறுகளின் மீன்களில் டையாக்சின் இருப்பது தெரியவந்தது. உடம்பின் கொழுப்பில் தங்கிவிடுகிற, மிகமிகச் சிறிய அளவிலேயே கேடு செய்கிற நஞ்சு அது. வெளுப்புக் கழிவுநீரில் குளோரின் ஒட்டிய கரிமப் பொருள்கள் மொத்தம் எவ்வளவு என்று அளக்கும் முறை வந்தது. இந்தியாவில் 2003இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்துறையோடு சேர்ந்து கொண்டுவந்த சாசனம், பெரிய காகித ஆலைகள் அந்த அளவை ஒரு டன் காகிதத்துக்கு இரண்டு ஆண்டுகளில் 1.5 கிலோவாகவும் ஐந்து ஆண்டுகளில் 1 கிலோவாகவும் குறைக்க வேண்டும் என்றது.

குளோரின் தயாரிப்பிலேயே இன்னொரு கேடு ஒளிந்திருந்தது. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினைப் பிரித்த பழைய ஆலைகள் பலவற்றில் மின்கலத்தின் அடியில் பாதரசம் ஓடியது. பாதரசம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று கொடைக்கானல்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. மண்ணைத் தூய்மைப்படுத்தும் விவகாரம் அதற்கப்புறம் பல ஆண்டுகள் நீண்டது. சிறுமுகையிலும் பவானி நீர் கெடுகிறது என்று ஆற்றோர மக்கள் போராடினார்கள், வழக்குகள் நடந்தன. அந்த ஆலை இப்போது இயங்கவில்லை.

குளோரினுக்கு மாற்றுத் தேடியவர்களில் சிலர் காட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆலை முற்றத்தில் குவித்து வைக்கும் மரச்சில்லுகள் உள்ளுக்குள் சூடேறும். அந்தச் சூட்டில் கொழிக்கிற வெள்ளை அழுகல் பூஞ்சை ஒன்று உண்டு. பெயர் ஃபனரோகீட்டே கிரைசோஸ்போரியம். ஆலைக்காரர்களுக்கு அது சரக்கைக் கெடுக்கும் தொல்லை. 1970களில் ஸ்வீடனில் எரிக்சனும் அமெரிக்காவின் மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகத்தில் கெண்ட் கிர்க்கும் அதை வளர்த்து ஆராய்ந்தார்கள். பழுப்புக் கூழின் மேல் அதை வளரவிட்டால் லிக்னின் குறைகிறது என்று கிர்க்கும் யாங்கும் 1979இல் எழுதினார்கள். 1983இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதன் லிக்னின் பெராக்சிடேஸ் நொதியைக் கண்டுபிடித்தன. லாக்கேஸ் அதற்கு நூறு வருஷம் மூத்தது: 1883இல் ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் யோஷிதா கண்டது; பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் காளானிலும் கண்டார்கள்.

அப்போது எழுந்த நம்பிக்கை பெரிது. அடுத்த பத்தாண்டுகளில் குளோரினே இல்லாமல் காளானே காகிதத்தை வெளுக்கும் என்று பேசினார்கள். நடக்கவில்லை. பூஞ்சைக்கு நாட்கள் வேண்டும். ஆலை மணிக்கணக்கில் ஓடுகிறது. நைட்ரஜன் தட்டுப்பாடு வந்தால்தான் அந்தப் பூஞ்சை லிக்னினில் கைவைக்கும். நன்றாகத் தீனி போட்டால் நொதியே சுரக்காது. நொதியை மட்டும் தனியே பிரித்துப் போட்டால், அதன் மூலக்கூறு நாரின் சுவருக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிது. லாக்கேஸின் வேலையை நாருக்குள் சுமந்து செல்ல ஒரு சிறிய துணைப்பொருளைக் கூடவே சேர்த்தால் போதும் என்று கனடாவில் பூர்பொன்னேயும் பைஸும் 1990இல் காட்டினார்கள். வேலை செய்தது. ஆனால் அந்தத் துணைப்பொருளின் விலை காகிதத்துக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஆலைக்குள் முதலில் நுழைந்த பூஞ்சை நொதி முற்றிலும் வேறொரு திசையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் நடக்கிறது. பசிபிக் கடலில், சாலமன் தீவுக்கூட்டத்தின் போகன்வில் தீவில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மக்கிக்கொண்டே போகின்றன. காரணம் தேடிய ராணுவத் தளவாடப் பிரிவு, 1944இல் ஒரு கூடாரத் துணியிலிருந்து பச்சை நிறப் பூசணம் ஒன்றைப் பிரித்து, கியூ.எம்.6ஏ என்று எண் போட்டு வைத்தது. எல்வின் ரீஸும் மேரி மாண்டல்ஸும் பல்லாண்டு அதோடு மல்லுக்கட்டினார்கள். பின்னாளில் ரீஸின் பெயராலேயே அது டிரைக்கோடெர்மா ரீசி ஆயிற்று. இன்று உலகம் முழுக்க ஆலைகளுக்குப் போகிற டிரைக்கோடெர்மா ரீசி நொதிகள் அந்த ஒரு கூடாரத் துணியின் வாரிசுகள்.

அதன் ஒன்றுவிட்ட சகோதரனை நம் விவசாயிகள் நன்றாக அறிவார்கள். வேரழுகலுக்காகத் தொழு உரத்தில் கலந்து நிலத்தில் போடச் சொல்லி வேளாண்மைத் துறை பாக்கெட்டில் தருகிற டிரைக்கோடெர்மா விரிடி அதே குடும்பம். ஒட்டன்சத்திரம் உரக்கடைகளில் கேட்டால் பெயரைச் சொன்னதும் எடுத்துத் தருவார்கள்.

கூடாரத் துணியில் கிடைத்த அந்த ரீசி லிக்னினைத் தொடாது. அதன் கூர்மை செல்லுலோஸிலும் சைலானிலும்தான். அப்படியானால் வெளுப்புக்கு எப்படி உதவும்? பின்லாந்தின் வி.டி.டி. ஆய்வு மையத்தைச் சேர்ந்த லீசா விய்காரியும் அவருடைய குழுவினரும் 1986இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மாநாட்டில் அதைச் சொன்னார்கள். டைஜஸ்டரில் மரம் அவியும்போது சைலானில் ஒரு பகுதி கரைகிறது. அவிதல் முடியும் தறுவாயில் காரம் குறையக் குறைய அந்தச் சைலான் மறுபடி நாரின்மேல் வந்து படிகிறது. மிச்ச லிக்னின் அந்தப் படிவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் சைலானோடே பிணைந்தும் நிற்கும். சைலனேஸ் நொதி அந்தப் படிவை வெட்டிவிட்டால் லிக்னின் வெளியேற வழி திறக்கும். பிறகு வருகிற ரசாயனம் குறைவாக இருந்தாலே போதும். லிக்னினை எதிர்க்கவே வேண்டாம், அதை மூடியிருப்பதை விலக்கினால் போதும் என்று கண்டதுதான் இந்தத் துறையின் மிக அழகான யோசனை என்று நான் கருதுகிறேன்.

சோதனைச்சாலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பழுப்புக் கூழைத் தண்ணீரில் கலக்கி, இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் சைலனேஸ் சில துளி விட்டு, வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டினால் இரண்டு வடிநீரும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நொதி விட்ட குடுவையின் நீர் கூடுதலாக மஞ்சளோடியிருக்கும். விடுபட்ட லிக்னின் அது. கூழைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வெளுப்பு அடுத்த கட்டத்தில்தான் துலங்கும்.

ஆனாலும் இரண்டு இடைஞ்சல்கள் இருந்தன. டிரைக்கோடெர்மாவின் சைலனேஸுக்கு மிதமான புளிப்பும் 50 டிகிரிச் சூடும் தோது. ஆலையிலிருந்து வரும் கூழோ காரம், அதோடு இன்னும் சூடு. சைலனேஸோடு கொஞ்சம் செல்லுலேஸ் கலந்திருந்தாலும் அது நாரையே அறுத்துத் தாளை வலுவிழக்கச் செய்யும். தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் கைவைத்தது இந்த இடத்தில்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் காரத்தைத் தாங்கும் அஸ்பெர்ஜிலஸ் ஃபிஷரி என்னும் பூஞ்சையிலிருந்து செல்லுலேஸ் கலக்காத சைலனேஸைப் பிரித்து 1995, 96இல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அதே பூஞ்சையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, நொதி அதிகம் கிடைக்க எந்தப் பக்குவம் தோது என்று கணக்கிட்டு 2005இல் எழுதினார்கள். ஈரத் தவிடு, கூம்புக் குடுவை, பஞ்சு அடைப்பு, சில நாள் பொறுமை. கருவி பெரிதில்லை. பழனி மலையின் அடிவாரத்திலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் இரண்டு மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம்.

இப்போது ஆலைகளுக்கு வருகிற சைலனேஸ் பழுப்புத் திரவமாகக் கேனில் வருகிறது. செல்லுலேஸ் மரபணுக்கள் நீக்கப்பட்ட பூஞ்சைகளும், பாக்டீரியா மரபணுக்கள் ஏற்றப்பட்டவையும் பெரிய எஃகுத் தொட்டிகளில் அதைச் சுரக்கின்றன. ஒரு டன் கூழுக்குச் சில நூறு கிராம் போதும். அவித்துக் கழுவிய கூழ் சேமிப்புக் கோபுரத்துக்கு ஏறும் குழாயிலேயே பம்பு அதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும். கோபுரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு வரும் குளோரின் சார்ந்த ரசாயனம் பத்திலிருந்து இருபது சதவீதம்வரை குறையும் என்பது பொதுவான அனுபவம். ஆலைகள் குளோரின் வாயுவை விட்டுக் குளோரின் டையாக்சைடுக்கு மாறியபோது கழிவின் நஞ்சு பெரிதும் இறங்கியது; அந்த மாற்றத்தில் சைலனேஸ் ஒரு சிறு தோள் கொடுத்தது. பெரும்பங்கு அதற்கில்லை. அதைப் பெரிதாக்கிப் பேசுவது நேர்மையாகாது.

கோபுரத்தோடு நொதியின் ஆயுளும் முடிகிறது. அடுத்து வரும் குளோரின் டையாக்சைடின் புளிப்பிலும் சூட்டிலும் அதன் மடிப்புகள் அவிழ்ந்து, வெறும் புரதமாக, தான் விடுவித்த லிக்னினோடு சேர்ந்து கழிவுநீருக்குள் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் புரதத்தைச் செரித்துவிடும். லிக்னினை அவற்றால் முழுசாகச் செரிக்க முடிவதில்லை. கழிவுநீர் பழுப்பாகவே நிற்பதற்குக் காரணம் அதுதான். அந்தப் பழுப்பைப் போக்க வெள்ளை அழுகல் பூஞ்சையையே இறக்கிப் பார்த்தார்கள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுப் பகுதியில் மரக்கட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃபோமஸ் லிவிடஸ் காகித ஆலைக் கழிவுநீரின் நிறத்தைக் குறைத்தது என்று 2002இல் எழுதினார்கள். திறந்த குளத்தில் பாக்டீரியாக்களோடு போட்டி போட்டு அது பிழைக்க, தீனியும் புளிப்பும் பார்த்துப் பார்த்துத் தர வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது. ஆனால் என் நம்பிக்கை வெளுப்புத் தொட்டியைவிட இந்தக் கழிவுத் தொட்டியில்தான் இருக்கிறது. இங்கே அவசரம் குறைவு, பூஞ்சைக்கு வேண்டியது நேரம்தான்.

அப்படிப்பட்ட பூஞ்சைகள் கிடைக்குமிடம் மலையில் விழுந்து கிடக்கும் மரம். கட்டையின் அடியில் பூச்சாகப் படரும் வகைகளைத் தமிழ்நாடு முழுக்கத் தேடி, விவரித்து, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்திலிருந்து நடராஜனும் கொழந்தவேலுவும் 1998இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். சுள்ளி பொறுக்கப் போகிறவர்கள் தவிர வேறு யாரும் குனிந்து பார்க்காத உயிர்களைக் குனிந்து பார்த்த அந்த உழைப்புக்கு நாம் தந்த மரியாதை போதாது.

2013இல் பழனி மலையில் 608 சதுர கிலோமீட்டருக்குமேல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சீகையை என்ன செய்வது என்ற கேள்வி அதோடு வந்தது. புல்வெளி மீள வேண்டுமானால் சீகை போக வேண்டும். ஆனால் வயதான சீகையின் நிழலில் பல இடங்களில் சோலை மரக் கன்றுகள் எழுந்து நிற்கின்றன. வட்டக்கானல் பக்கம் காட்டைக் காத்தவர்கள் இதைப் பல வருஷமாகச் சொல்லிவந்தார்கள். எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்பதை இடத்துக்கு இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையை அகற்றி அந்த மரத்தைத் தமிழ்நாடு காகித ஆலைக்கே கூழுக்கு அனுப்பும் ஏற்பாடு அண்மையில் நடைமுறைக்கு வந்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது. சீகைக்கும் அதே வழி வரும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் நல்லது: நிற்கிற மரத்தை ஏற்றலாம், மட்கத் தொடங்கிய கட்டையை ஏற்றக் கூடாது. ஆலைக்கு அதில் நஷ்டமில்லை; மட்கிய மரத்தைப் போட்டால் கூழும் குறைவு, நாரும் வலுவில்லை.